இரண்டாம் ரேங்க்

"செகண்ட் ரேங்க்டா என் பையன். மேடையில பேசப் போறான், மேடையில."

கோல்பியின் செல்போனுக்கு அந்தப் பக்கம் அவன் அப்பா வெர்லின் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். அவரோடு வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் கைதட்டுவது கேட்டது. கோல்பி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஃபர்ஸ்ட், நீ செகண்ட். நம்ம வம்சமே அப்படித்தான்," என்றார் அப்பா. "என்கூட வேலை பார்க்கிற ரெண்டு பேரை நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். அவங்களும் கேக்கட்டும்."

போனை வைத்ததும், "செத்தேன்," என்றான் கோல்பி.

பெட்ரோல் பங்க் வாசல் பெஞ்சில் பீட்ஸா தின்றுகொண்டிருந்த பெத்தனி சிரித்தாள். அவள்தான் முதல் ரேங்க். நாளை மாலை பட்டமளிப்பு விழா. முதலாவது வந்தவர் எதிர்காலத்தைப் பற்றியும், இரண்டாவது வந்தவர் பள்ளி நாட்களைப் பற்றியும் பேசுவது எங்கள் ஊர்ப் பள்ளியின் வழக்கம். எதிர்காலம் சுலபம், அதை இன்னும் யாரும் சொதப்பவில்லை.

கோல்பியின் பயம் வேறு. அம்மாவைப் பிரிந்து வடக்கு டகோட்டாவுக்குப் போய்விட்ட அப்பா, ரிப்போர்ட் கார்டு வரும்போதெல்லாம் போனில் "எத்தனாவது?" என்பார். "ரெண்டாவது" என்று இவன் சொன்னால் பூரித்துப் போவார். மொன்டானாவில் ஏதோ ஒரு பள்ளியில் தான் முதலாவதாக வந்த கதையை மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வைப்பார். அவர் மனதில் கோல்பி பெரிய படிப்பாளி. நேரில் வந்து இந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"கெமிஸ்ட்ரியில எவ்வளவு?" என்றாள் பெத்தனி.

"அறுபத்தொண்ணு. அதுவும் அடுத்த வருஷமும் என் மூஞ்சியைப் பார்க்கணுமேன்னு பயந்து டீச்சர் போட்டது."

"இதையே பேச்சுல சொல்லு. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ட்ராக்டர்ல ஸ்கூலுக்கு வர்ற நாள். சர்ச் வாசல்ல உன் ட்ராக்டர் டீசல் தீர்ந்து நின்னுது. பின்னாடி சவ ஊர்வலம் முக்கா மணி நேரம் நின்னுது."

"செத்தவருக்கு என்ன அவசரம்னு சொன்னேன்."

"அதை அவர் சம்சாரத்துகிட்டயே சொன்னே பாரு, அதான் பிரச்சனை."

"கூடைப்பந்தை விட்டுட்டியே. ஆள் பத்தாம பக்கத்து ஊர்லேர்ந்து கடன் வாங்கினோம். அவனுங்க சொந்த ஊரோட மோதினப்பதான் பிரமாதமா ஆடினானுங்க. எல்லா பந்தையும் நம்ம கூடையிலேயே போட்டானுங்க."

"கிளாஸ் லீடர் தேர்தல் இருக்கே. நாலு வருஷமும் ஓட்டு சமம், நாலு வருஷமும் ஹெட்மாஸ்டர் காசு சுண்டினார். நாலு தடவையும் நீ தோத்தே."

"காசுக்குக்கூட என்னைப் பிடிக்கல."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கோல்பி கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"அப்பா இதுவரைக்கும் எதுக்குமே வந்ததில்ல பெத்தனி. முதல் தடவையா வர்றார். என்னை நினைச்சு வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிட்டார்னா என்னால தாங்க முடியாது."

"ரேங்க் போட்டது ஹெட்மாஸ்டர். நீ ஒண்ணும் காப்பி அடிச்சு வாங்கலியே."

"காப்பி அடிச்சிருந்தா இதைவிட நல்லா வந்திருக்கும்."

மறுநாள் மாலை பள்ளியின் விளையாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. எங்கள் ஊரில் வேறு பொழுதுபோக்கு கிடையாது, பிள்ளை இல்லாதவர்கள்கூட இதற்கு வந்துவிடுவார்கள். வெர்லின் புதுத் தொப்பியோடு உள்ளே வந்தார். நண்பர்கள் இருவரும் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்கள். வாசலில் நீல அங்கியோடு நின்ற மகனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

பிறகு மேடையைப் பார்த்தார். பெத்தனி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வேறு நாற்காலி இல்லை.

"மத்த பசங்கெல்லாம் எங்கடா?"

"அவ்வளவுதான்பா."

"அவ்வளவுதான்னா?"

"நானும் பெத்தனியும்தான். பன்னெண்டாம் கிளாஸ்ல மொத்தமே ரெண்டு பேரு."

"நான் இங்க இருந்தப்ப பதினோரு பேர் இருந்தீங்களேடா."

"பண்ணையை வித்துட்டு ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க." கோல்பி தரையைப் பார்த்தான். "எத்தனை பேர்லன்னு நீங்க கேக்கல. நானும் சொல்லல. உங்களை மாதிரி ஃபர்ஸ்ட் வர எனக்குத் துப்பில்லப்பா. நான் வந்தது கடைசி."

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். நண்பர்கள் இருவரும் கேக் வைத்திருந்த மேஜைப் பக்கம் போய்விட்டார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு மகனின் தோளைப் பிடித்து, காதருகே குனிந்தார்.

"நீயாவது பரவாயில்லடா. எங்க வருஷத்துல மேடையில போட்டதே ஒரு நாற்காலிதான்."