கங்கு கேட்டு வந்தவள்

வாசல் உரலில் கம்பு இடித்துக்கொண்டே தெய்வாத்தாள் சொல்கிறாள்: “செக்குக்காரச் சுப்பண்ணனைக் கொன்னது பாலுசாமியேதானுங்க அக்கா. வேட்டியெல்லாம் ரத்தமாமா! ஊருக்கே தெரியுது, அந்தச் செவப்புத் தலைப்பாப் போலீசுக்குத்தான் இன்னும் தெரியல.” அடுப்பு ஊதும் சாமியாத்தாளுக்குக் கண் எரிகிறது. கொலை நடந்த அன்றைக்கு இருட்டில் இவள் பார்த்தது ஒரு முதுகை மட்டும். பாலுசாமியாட்டம் இருந்துச்சு என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவைத்தாள். ரத்தத்தை ஊர் சேர்த்துக்கொண்டது. உலக்கைச் சத்தம் சட்டென்று நிற்கிறது. கையில் ஏந்திய ஓட்டுச்சில்லில் வறட்டியோடு பாலுசாமியின் பெண்டாட்டி ராசாத்தாள் நிற்கிறாள். “கொஞ்சம் நெருப்புக் குடுங்க அக்கா. எந்த ஊட்டுலயும் இல்லைங்கறாங்க.” அவளுக்குப் பின்னால் எல்லாக் கூரையிலும் புகை எழும்புகிறது. சாமியாத்தாள் இருப்பதிலேயே பெரிய கங்காகப் பார்த்து இடுக்கியால் எடுத்து வைக்கிறாள். “நீங்க ஒருத்தருதானுங்க அக்கா எங்களை நம்பறீங்க.” சாமியாத்தாள் நிமிரவில்லை. இன்னொரு கங்கை எடுக்கிறாள், வெறுங்கையால்.