கோளாறு இல்லாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை என்பது, நாற்காலியில் உட்கார்ந்ததுமே சங்கரலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"இந்தத் தடவை பெரிய ரிப்பேரா தம்பி?" என்று அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார் பரிபூரணம் டீச்சர்.

"ஆமா டீச்சர். செத்த நேரம் ஆகும்."

"ஆகட்டும், மெதுவாப் பாருங்க. புளிக்கொழம்பு கொதிக்குது. சாப்பிட்டுட்டே போகலாம்."

ரிப்பேராவது ஒன்றாவது. அது டீச்சரின் மகன் காலேஜில் படிக்கும்போது வாங்கிய பழைய 386 மாடல் கம்ப்யூட்டர். மெட்ராஸில் வேலை கிடைத்ததும் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். டீச்சர் அதில் சீட்டு விளையாடுவார். சர்ச்சில் யாருக்கும் தெரியாது.

ஒரு ப்ளாப்பி டிஸ்க்கை உள்ளே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டால், மெஷின் முதலில் அதைத்தான் படிக்கப் பார்க்கும். கறுப்புத் திரையில் ரெண்டு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். ப்ளாப்பியை உருவிவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினால் பழையபடி ஓடும். சங்கதி அவ்வளவுதான்.

முதல் தடவையே இதை டீச்சருக்கு விளக்கமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். பரீட்சைத் தாளில் அரை மார்க் கூட விட்டுக்கொடுக்காத கணக்கு டீச்சர். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுவாரமே போன் வந்தது.

"தம்பி, திரும்பவும் மக்கர் பண்ணுது."

அதற்கடுத்த வாரமும் வந்தது. உள்ளே அதே ப்ளாப்பி. இது மறதி இல்லை என்று அப்போதுதான் சங்கரலிங்கத்துக்கு விளங்கியது. டீச்சரின் கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் கிறிஸ்துமஸுக்கு வந்து தலையைக் காட்டுவதோடு சரி. பேச ஆளில்லாத வீடு.

தனியாக இருப்பது என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியாதா? போன ஆடியில் மனைவி கருத்தம்மா தவறியதிலிருந்து ராஜபாளையத்து வீட்டில் அவரும் நாலு சுவரும்தான். பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். சில நாள் பொழுது அடைகிற வரைக்கும் வாயைத் திறக்க வேலையே வராது.

அதனால், பாவம் டீச்சர் என்று, போன் வந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிடுவார். நன்றாக இருக்கிற பெட்டியைக் கழற்றித் தூசி தட்டுவார். டீச்சரின் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்பார். தன் கதையும் கொஞ்சம் சொல்வார். சோறு போட்டால் ரெண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிடுவார். வயசான மனுஷி மனசு நோகக் கூடாது பாருங்கள்.

இன்றும் ப்ளாப்பியை உருவி மேஜையில் வைத்துவிட்டு, பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ப்ளாப்பியத்தான் எடுத்தாச்சுல்லா. பொறவு எதுக்கு மூடியக் கழட்டுதீங்க?"

திரும்பிப் பார்த்தார். டீச்சரின் மகன் ஞானதுரை லுங்கியோடு நின்றான். காலையில்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருக்கிறான். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தவனைச் சங்கரலிங்கம் கவனிக்கவில்லை.

"இல்ல சார், தூசி..."

"நானும் கம்ப்யூட்டர் கம்பெனியிலதான் வேலை பாக்கேன். வாராவாரம் ரிப்பேர்னு அம்மா சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். வயசானவங்க தனியா இருந்தா என்ன வேணாலும் சொல்லி ஏமாத்தலாமா? பஜார்ல நாலு பேர்ட்ட சொன்னேன்னு வைங்க, உங்களை ஒருத்தன் வீட்டுக்குள்ள விடமாட்டான்."

வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கிறவருக்கு நல்ல பேர் ஒன்றுதான் கைமுதல். உங்க அம்மாதான் வேணும்னே போட்டு வைக்காங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் பெற்ற பிள்ளை முன்னால் அந்த அம்மாளைப் பொய்க்காரி ஆக்குவதா? வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

"தப்புதான் சார்."

கரண்டியும் கையுமாக டீச்சர் வந்து நின்றார்.

"ஏலே, அவரை ஒண்ணும் சொல்லாத. ப்ளாப்பியப் போட்டு வச்சது நான். தெரிஞ்சேதான் வச்சேன்."

"எதுக்கும்மா?"

டீச்சர் தரையைப் பார்த்தார்.

"எனக்கும் பேச ஒரு ஆள் வேணும்லா."

ஞானதுரையின் முகம் தொங்கிப்போய்விட்டது. "மன்னிச்சுக்கிடுங்க" என்றான் சங்கரலிங்கத்தைப் பார்த்து. அவருக்குத் தன் பேர் பிழைத்தது கூடத் தோன்றவில்லை. தன்னைக் காப்பாற்றப் போய் டீச்சர் இப்படித் தலைகுனிய நேர்ந்ததே என்றுதான் இருந்தது.

"கை கழுவிட்டு வாங்க தம்பி. இலை போடுதேன்" என்றார் டீச்சர்.

கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, அடுக்களை ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"இம்புட்டுத் தனியாவா இருக்கம்மா நீ? பேசாம என்கூட மெட்ராசுக்கு வந்திரு."

"மெதுவாப் பேசுலே, அவரு காதுல விழுந்திரப் போகுது. எனக்கு என்ன தனி? காலையில சர்ச்சு, சாயங்காலம் டியூசன் பிள்ளைக, நடுவுல அண்டை வீட்டுக்காரிக. சீட்டாடவே நேரமில்ல. அந்த மனுசனுக்குத்தான் சம்சாரம் போன பொறவு யாருமில்ல. மொத நாள் ஒரு வாய் சோறு வச்சதுக்கே கண்ணு கலங்கிட்டாரு. சும்மா வந்து சாப்பிட்டுப் போங்கன்னு சொன்னா வருவாரா? எனக்காக வாறதா நெனைச்சாத்தான் பஸ் ஏறுவாரு."