வெயில் படாத சுவர்

“சுவத்தை இன்னும் மூணடி ஒசத்திடுங்க கொத்தனாரே. தம்பி வீட்டு ஆளுங்க தலைகூட என் கண்ணுல படக் கூடாது!”

வீட்டுக்காரர் கை காட்டிய பக்கம் பார்த்த கொத்தனார் அசந்து போனார். பாகப்பிரிவினையின்போது அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே தானே கட்டிய மொட்டைச் சுவரா இது? அடிமுதல் நுனிவரை ஒரே பச்சை. இரண்டு மாடி வீடுகளுக்கு இடையே, வெயில் எட்டிக்கூடப் பார்க்காத சந்தில் இப்படி ஒரு தோட்டமா!

“எப்படிம்மா இது?” என்றார் வீட்டுக்காரரின் மனைவியிடம்.

“முதல்ல ரோஜா வெச்சேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு செத்துப் போச்சு. வெயில் கேக்குற செடியை இங்க கொண்டாந்து வெச்சா, பாவம், அது என்ன பண்ணும்? அப்புறம்தான் புத்தி வந்துச்சு. கீழ ஈரத்துக்குப் பெரணி வெச்சேன். மேல கம்பி வலை கட்டி மணி பிளான்ட்டை ஏத்திவிட்டேன். தண்ணியைக் கொட்டக் கூடாது, தெளிச்சு விட்டாப் போதும்.”

“பட்ட மரத்தையும் துளிர்க்க வைக்கிற கைங்க இவ கை!” வீட்டுக்காரர் பூரித்துப் போனார். தம்பி பேச்சை எடுத்தால் கடுகாய் வெடிக்கிற மனிதர், மனைவியின் செடி என்றால் குழைந்துவிடுவார்.

“அப்ப அதுல கை வைக்காதீங்க. நான் பெத்த பிள்ளை மாதிரி வளத்திருக்கேன்.” அவள் செடிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“செடி போனா வேற வெச்சுக்கலாம். மானம் போனா வருமா? நீங்க ஆரம்பிங்க கொத்தனாரே!”

கொத்தனாருக்கு மனசே வரவில்லை. பழைய சுவர் பாரம் தாங்குமா என்று பார்க்க, இலைகளை விலக்கிக் கையை உள்ளே விட்டார். செங்கல் எதிலும் இடிக்காமல் முழங்கைவரை போனதும் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன, தாங்குமா?”

கொத்தனார் அவளைப் பார்த்தார். அவள் கண்கள் கெஞ்சின.

“ஒரு செங்கல்கூட ஏத்த முடியாது சார். செடியை எடுத்தீங்கன்னா சுவரே இருக்காது.”

“அட, இவ செடிதான் சுவத்தையே தாங்குதா!” ஏமாற்றம் பாதி, பெருமை பாதியாக வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார்.

கொத்தனார் கையை வெளியே எடுத்தார். எடுத்த இடத்திலேயே, இலைகளுக்கு நடுவிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று சூடான டீ டம்ளரை நீட்டியது.

“அக்கா, அவர் போயாச்சா? சீக்கிரம் புடிங்க. உங்க கொழுந்தன் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள குடிச்சிட்டுக் குடுத்துடுங்க!”