ஒரே மாதிரி ரெண்டு வூடு

"அவன் வூடு என் வூட்டவிட ஒரு செங்கல்லு கூட ஒசரமா இருக்கக் கூடாதும்மா, சொல்லிட்டேன்!"

ஊன்றுகோலைத் தரையில் தட்டினார் செல்லப்பன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தென்றலுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் கணவன் கலைவேந்தனும் வில்லியனூரில் வீடுகளுக்கு முப்பரிமாணப் படம் போட்டுக் கொடுப்பவர்கள்.

ஒதியம்பட்டு மனையைப் பாகம் பிரித்ததிலிருந்து செல்லப்பனும் தம்பி குணாவும் பேசிக்கொள்வதில்லை; இங்கே வருவதுகூடத் தனித்தனியாகத்தான். ஆனால் அடுத்தடுத்துக் கட்டப்போகும் வீடுகள் மட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம். வீம்பில் அப்படி ஒரு ஒற்றுமை!

அதனால் தென்றல் ஒரு வீட்டை வரைந்து, மற்றதை 'லிங்க்' காப்பியாக எடுத்திருந்தாள். சாதாக் காப்பி என்றால் அது தனி. லிங்க் காப்பி அப்படியில்லை. ஒன்றில் ஜன்னலை நகர்த்தினால் இன்னொன்றிலும் தானாக நகரும்.

"வாசப்படிதாம்மா ரோதன. இந்தக் கால வெச்சிக்கினு ஏற முடியல. பக்கத்துல ஒரு சாய்தளம் போட்டுடு. அப்புறம் நடுவுல மதிலு. அவன் மூஞ்சியே தெரியக் கூடாது."

தென்றல் முதலில் சாய்தளத்தை வரைந்தாள். இரண்டு வீடும் சேர்ந்து தெரிகிற மாதிரி படத்தைச் சிறிதாக்கிக் காட்டினாள்.

செல்லப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குணா வூட்டு வாசல்லயும் சாய்தளம் இருக்குதே? அங்க எல்லாருக்கும் காலு நல்லாத்தானே இருக்குது?"

ஐயையோ, லிங்க் காப்பி! தென்றல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது வந்துண்ணே..."

"எனக்காவா? நான் வந்து போவறதுக்கா போட்டிருக்கான்?" அவர் குரல் உடைந்தது. "அவனப் போயி இன்னா பேச்செல்லாம் பேசிட்டேன்!"

தென்றல் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள்.

"மதிலு வேணாம்மா" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாளைக்கே குணா, "நான் எப்ப சாய்தளம் கேட்டேன்?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போச்சு. செல்லப்பன் தாங்குவாரா? இனிமேல் ஜென்மத்துக்கும் சேர மாட்டார்கள்.

உள்ளே வந்த கலைவேந்தனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "இந்தப் பாழாப்போன லிங்க்கால வந்த வினைங்க!"

"லிங்க்கா? அத காலையிலயே பிரிச்சி தனிக் காப்பியா ஆக்கிட்டேனே. சொல்ல மறந்துட்டேன். நீ பேங்குக்குப் போயிருந்தப்ப குணா வந்தாரு. அவரு கேட்டது அண்ணன் வூட்டுலயும் வந்துடக் கூடாதில்ல?"

"அவரு இன்னா கேட்டாரு?"

"சாய்தளம்தான். 'எங்கண்ணன் என்னிக்காவது கோவம் தணிஞ்சி வந்தா, படியேற முடியாம அப்பிடியே திரும்பிடப் போவுது'ன்னாரு."