நாலாவது ஆள்

“பாதி வழியில கால் வலிக்குதுன்னு உட்கார்ந்துடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.”

முதுகுப் பையின் வாரை இறுக்கியபடி சொன்னான் இன்ஜினியர்.

“உட்கார மாட்டேங்க” என்றாள் மனைவி.

ஜீப் அவர்களை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. ‘மீசை’ என்று அவர்கள் கூப்பிடும் நண்பனும் பல் டாக்டரும் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். கல்லூரிக் காலத்துச் சிநேகிதம். வக்கீலையும் சேர்த்து நால்வர். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு இந்த மலைதான் அவர்களுக்கு வீடு.

கல்யாணமான புதிதில் அவள் கேட்டதுண்டு. “நானும் வரட்டுமா?”

“அதெல்லாம் உனக்குச் சரிப்பட்டு வராது.”

அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். அவன் திரும்பி வந்ததும் சேறு படிந்த சட்டையை ஊறவைத்துக்கொண்டே, “மேல என்ன தெரிஞ்சுது?” என்று மட்டும் விசாரிப்பாள்.

“என்ன தெரியும்? மலைதான்” என்பான், செல்போனிலிருந்து தலையெடுக்காமல்.

இந்தத் தடவை வக்கீலுக்குக் காய்ச்சல். “ஆள் குறையுது. சும்மா வரியா?” என்று போகிற போக்கில்தான் கேட்டான். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நிஜமாத்தான் கேக்கறீங்களா?”

அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பாதை வளைந்து வளைந்து ஏறியது. அவன் நண்பர்களோடு சேர்ந்துகொள்ள எட்டி நடந்தான். அவள் பின்னாலேயே வந்தாள்.

“ஏங்க, கொஞ்சம் மெதுவா நடங்களேன்.”

“அதுக்குள்ள மூச்சு வாங்குதா?”

“அதில்ல. நாம ரெண்டு பேரும் சேர்ந்து நடந்து எவ்வளவு நாளாச்சு?”

 அவன் நடையைக் குறைத்துக்கொண்டான்.

“அது என்னங்க மரம்?” என்றாள். சொன்னான். “அங்க கத்துதே, அது என்ன பறவை?” அதையும் சொன்னான். கேட்கக் கேட்க அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. யானை எந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வரும், மழையில் எந்தப் பாறை வழுக்கும் என்று அளந்துகொண்டே வந்தான். வீட்டில் ஒரு மாதம் முழுக்கப் பேசுவதை ஒரே காலையில் பேசிவிட்டான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஓடையருகே உட்கார்ந்திருந்த மீசை அவளைப் பார்த்து வியந்தான். “பரவாயில்லையே தங்கச்சி! மருந்துக்கடையில நாள் பூரா நின்னு பழக்கம், அதான் கால் தாங்குது.”

“ஆமாண்ணா” என்று சிரித்தாள்.

உச்சிக்குக் கீழே செங்குத்தான பாறை. இன்ஜினியர் நின்றான்.

“போதும். நீ இங்கேயே இரு. நாங்க மேல போயிட்டு ஓடி வந்துடறோம்.”

அவள் முகம் சுருங்கிவிட்டது.

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. கூடவே வரேனே.”

“விழுந்து வெச்சா யார் தூக்கறது?”

“கை மட்டும் குடுங்க. போதும்.”

நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கொஞ்சம் கூச்சத்தோடு கையை நீட்டினான். அவள் இறுகப் பற்றிக்கொண்டாள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே மேகம், அதற்கும் கீழே பச்சைப் பச்சையாகப் பள்ளத்தாக்கு. “பார்த்தியா?” என்றான் அவன். அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

அங்கிருந்த வனத்துறை வயர்லெஸ் கோபுரத்துக் குடிலிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் காவலர் எட்டிப் பார்த்தாள்.

“அட, மேடம்! என்ன, சனிக்கிழமையில?”

இன்ஜினியர் திரும்பினான். “நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டு...”

“வேற யாரு சார்? நான் எப்பவும் வார நாள்தான் ட்யூட்டி, இன்னிக்குத்தான் மாத்திவிட்டாங்க. கடைக்கு லீவுன்னு புதன்கிழமை ஆனா முதல் ஆளா ஏறி வர்றவங்க இவங்கதானே! எனக்கே வழியில பாறையைப் பிடிச்சு ஏறச் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

மீசை வாயைப் பிளந்தான். மனைவி தரையைப் பார்த்தாள்.

காக்கிச் சட்டைக்காரி இன்ஜினியரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டாள்.

“ ‘எங்க வீட்டுக்காரர் என்னிக்காவது ஒரு நாள் என்னையும் கூப்பிடுவார், அன்னிக்கு நான் அவருக்குப் பாரமா இருந்துடக் கூடாது’ன்னு சொல்லிச் சொல்லி ஏறுவீங்களே மேடம்... கூப்பிட்டுட்டாரா?”