தோளில் இருந்த கை

புத்தகக் கடைச் சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது. 'விண்வெளிக் கூட்டணி! புத்தம்புதிய படக்கதை! ஜனவரியில் வருகிறது!' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். படத்தில் கிரகமங்கை நின்றாள். அவள் தோளில் கைபோட்டபடி வால்வெள்ளி நின்றான். பகையாளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதில் இந்தப் படக்கதைக்காரர்களுக்கு அப்படி என்ன ஆசையோ!

"கையை எடு," என்றாள் கிரகமங்கை. "போன கதையில் என் நிலாவை இடித்துத் தூளாக்கியவன் நீ."

"நானா வைத்தேன்? வரைந்தவர் வைத்த கை. என்னால் எடுக்க முடியாது."

"ஏன் இடித்தாய் என்றாவது சொல்."

"இப்படித் தெருவில் நின்றுகொண்டா? புத்தகம் வரட்டும். முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்கிறேன்."

ஜனவரியின் மேல் ஏப்ரல் என்று ஒரு துண்டுத்தாளை ஒட்டினார்கள். பிறகு அதன்மேல் ஆகஸ்ட் வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவன், "புத்தகம் வரட்டும்," என்றான்.

ஒருநாள் காலையில் பசை வாளியோடு ஒருவர் வந்தார். தையல் வகுப்பு விளம்பரம் ஒன்றை வால்வெள்ளியின் மேல் ஒட்டிவிட்டுப் போனார். தாளின் அகலம் கொஞ்சம் போதவில்லை. அவனுடைய கை மட்டும் வெளியே, அவள் தோளில் இருந்தது.

வெயில் ஏறியது.

"சரி, கை இருக்கட்டும்," என்றாள் கிரகமங்கை. "மன்னிப்புக்கூட வேண்டாம். ஏதாவது பேசு."

தையல் வகுப்புத் தாளில் பசை காய்ந்துகொண்டிருந்தது.