விண்டோஸுக்குப் பக்கத்தில்

லேப்டாப்பைத் திறந்தவன் திரையின் மூலையைப் பார்த்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தை.

பிறகு அவளை.

"மணி ஏழு. இதுல ஒன்றரைன்னு காட்டுது. எவன்டி கை வச்சான்?"



லேப்டாப் அவளுடையது. சோதனை அவனுடையது. வேலைவிட்டு வந்ததும் சட்டையைக் கழற்றுவான், இன்றைக்கு அவள் எதையெல்லாம் பார்த்தாள் என்று விண்டோஸைக் குடைவான். தெரியாத கோப்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும்.

போன தடவை சுண்டுவிரல்.

அதனால்தான் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளத்தைக் குடிவைத்தாள். ஒரே ஹார்டு டிஸ்க், இரண்டு குடித்தனம். லேப்டாப்பைப் போடும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்தால்தான் இரண்டாவது வீட்டுக் கதவு திறக்கும்.

லினக்ஸில் பல ரகம். எதைப் போடுவது? பாத்திரக்கடையில் குடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

மின்ட், பார்வைக்கு விண்டோஸ் மாதிரியே லட்சணம். வேண்டாம். லட்சணமாக இருந்த ஒன்றை ஏற்கெனவே மாலை மாற்றிக் கட்டிக்கொண்டாயிற்று.

உபுண்டு, எழும்போதே தன் முத்திரையைக் காட்டிக்கொண்டு எழுந்தது. கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா மாதிரி. வேண்டாம்.

டெபியனைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின. ஜோடனை கிடையாது. தெரியாதவன் பார்த்தால் பழுது என்பான்.

இதுதான் சரக்கு.

வீங்கிய முகத்தைப் படம் எடுத்து அதற்குள் சேர்த்தாள். வழக்குப் போட அவள் தேடிப்போன வக்கீலம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாத்துலயும் உன் முகந்தாம்மா இருக்கு. அவன் கை எங்க?"

வீட்டுக்கு வந்து டெபியனுக்குச் சொல்லிவைத்தாள். அது எழுந்ததும் காமிராவும் எழ வேண்டும். திரையில் எழுத்து மட்டும் ஓட வேண்டும். பதிவாவது அப்போதைக்கப்போதே வக்கீலம்மாவுக்குப் போக வேண்டும்.

இத்தனையும் பார்த்தவள் கடிகாரத்தைக் கோட்டைவிட்டாள். இயந்திரத்துக்குள் இருக்கிற ஒரே கடிகாரத்தை டெபியன் கிரீன்விச் நேரத்துக்குத் திருப்பிவைத்தது. விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று நம்பிவிட்டது. ஐந்தரை மணி நேரம் பின்னால்.

அவன் அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்தான்.

மேசை விளிம்பு நெற்றியில் இறங்கியது.

"உள்ள பேட்டரி போயிருக்கும்ங்க. அணைச்சுப் போட்டா சரியாயிடும்."

"போடு."

அணைத்தாள். போட்டாள். வளைந்துபோன சுண்டுவிரல் ஒரு விசையை விடாமல் பிடித்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு அந்த விரல் மேலேயே விழுந்தது.

விரல் அசையவில்லை.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன.

"இருந்ததையும் கெடுத்துட்டியாடி, சனியனே?"

திரைக்கு மேலே, காமிராவின் ஓரத்தில், கடுகளவு பச்சை எரிந்தது.

அவன் பெல்ட்டை உருவினான்.

எப்போதும் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறவள், எழுந்து, அந்தப் பச்சைக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

கொஞ்சம் யோசித்து, அவனுக்கும் இடம் விட்டு நின்றாள்.